கோப்புகளை எண்ணாமல் எடைபோட வேண்டும்

பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து, எங்கள் வேலைக்கென்று நிரலின் இடைவெளிகளையும் வரி அமைப்பையும் சீராக்கும் ஒரு ஃபார்மேட்டரை கோ என்ற நிரல்மொழியில் எழுதிவருகிறோம். ஒரு கோப்பை ஒழுங்குபடுத்துவதற்கும் அடுத்ததை ஒழுங்குபடுத்துவதற்கும் தொடர்பே இல்லாததால், கோப்புக்கு ஒரு கோரூட்டீனை, அதாவது மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் இலகுவான ஒரு பணியை, கிளப்பிவிட்டால் போதும் என்றே குழுவில் புதிதாகச் சேருபவர்கள் நினைக்கிறார்கள். கணக்கிடும் பகுதிக்கு அது பொருந்தும். ஆனால் நினைவகமும், திறந்திருக்கும் கோப்புகளுக்கான வரம்பும், திரையில் வரும் செய்திகளின் வரிசையும் எல்லாக் கோரூட்டீன்களுக்கும் பொதுவானவை.

இதற்கு நான் காட்டும் முன்மாதிரி, கோ மொழியோடு வரும் ஃபார்மேட்டரான கோஃபம்ட். 2022இல் வெளியான கோ 1.18 பதிப்பிலிருந்து அது கோப்புகளை ஒரே நேரத்தில் கையாள்கிறது. அங்கே வரம்பு எண்ணிக்கையால் அல்ல, பைட்டுகளால் அமைகிறது: கோப்பின் அளவே அதன் எடை; ஒரே சமயத்தில் நடப்பவற்றின் மொத்த எடை, இழை (கணினி ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய தனித்தனி வேலைத்தொடர்) ஒன்றுக்கு 2 மெபிபைட் (சுமார் 21 லட்சம் பைட்) என்ற கணக்கைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கம் தாமிரபரணிக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது ஆள் கணக்கையா பார்க்கிறார்கள், வயலின் பரப்பைத்தானே! நான்கு இழைகள் உள்ள கணினியில் 8 மெபிபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஒன்று வந்தால், அது முழு வரம்பையும் எடுத்துக்கொண்டு தனியாகவே ஓடும். தானாக உருவாக்கப்பட்ட பெரிய கோப்புகள் நிறைந்த திட்டங்களில் இதன் அருமை தெரியும்.

திறந்த கோப்புகளுக்குத் தனியாக 200 என்ற வரம்பு உண்டு. பல இயங்குதளங்களில், அவற்றின் மையப் பகுதியான கர்னல் வைக்கும் இயல்பான வரம்பு 256 என்பதே அதற்குக் காரணம்.

வரிசையைக் காக்கும் முறையில்தான் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு. ஒவ்வொரு வேலையும் தன் செய்தியை எழுதுமுன், தனக்கு முந்தையது முடியும்வரை காத்திருக்கிறது. இதனால் எத்தனை முறை ஓட்டினாலும் வெளியீடு ஒரே வரிசையில் வரும், இரு கோப்புகளின் பிழைச் செய்திகள் கலக்கவும் மாட்டா. ஆனால் முன்னால் ஒரு பெரிய கோப்பு நின்றால், பின்னால் வேலையை முடித்துவிட்டவையும் தம் எடையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் கருவியில் செய்திகள் சிறியவை என்பதால், அவற்றை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எடையை உடனே விட்டுவிடுகிறோம். வரிசைப்படி அச்சிடும் பொறுப்பு தனியாக ஒரே ஒரு கோரூட்டீனுக்கு.

பைத்தானில் எழுதுபவர்களுக்குக் கதை வேறு. ஒரு நேரத்தில் ஒரே இழைதான் பைத்தான் நிரலை ஓட்டலாம் என்று தடுக்கும் ஜிஐஎல் பூட்டு வழக்கமான பைத்தானில் இருப்பதால், பிளாக் போன்ற பைத்தான் ஃபார்மேட்டர் இழைகளை விட்டுத் தனித்தனிச் செயல்முறைகளை நாடுகிறது. ஒரே கோப்பு என்றால் அந்தச் செலவும் வேண்டாமென்று நேரடியாகவே முடித்துவிடுகிறது.