65 ஆண்டுகள் மறக்காத உடல்

1846-ல், வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த பாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த இடத்தில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் (Panum) ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781-ல் சிறுவயதில் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை! இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அங்கே அந்த நோயே கிடையாது. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

நோய் தீர்ந்ததும் கிருமியோடு போரிட்ட வெள்ளணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. சில மட்டும் அந்தக் கிருமியை மறக்காத நினைவணுக்களாகத் தங்குகின்றன. வேறு சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி, கிருமியைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருளை ஆண்டுக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கின்றன.

கொடுமை என்னவென்றால், தட்டம்மைக் கிருமி இந்த நினைவணுக்களையே தாக்குகிறது. குழந்தை குணமான பிறகும், முன்பு வென்ற வேறு நோய்களுக்கான எதிர்ப்பாற்றலில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது. 2019-ல் வெளியான ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. “அம்மைதானே, ஒருமுறை வந்து போகட்டும்” என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பதறுவது இதனால்தான். தடுப்பூசி இந்த இழப்பு இல்லாமலே அதே நினைவைத் தந்துவிடுகிறது. நம் அரசு சுகாதார நிலையங்களில் 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. இரண்டும் இலவசம். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குத் தயவுசெய்து சொல்லுங்கள்.