வெளிச்சம் போகுமுன் ஹான்லே

லடாக்கில், நட்சத்திரம் பார்ப்பதற்காக இருட்டைக் காத்து வைத்திருக்கும் ஹான்லே என்னும் ஊருக்குச் சொந்தக் காரில் போக நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லேயிலிருந்து விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் பத்து மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பொழுது சாய்வதற்குள் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட வேண்டும். நாங்கள் அந்தக் கணக்கில் தவறினோம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போனது நானும் என் தாய்மாமாவும். மாமாவுக்கு 66 வயது. ஆலங்காயம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை இரவு என்னை ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனார். சனிக் கோளின் வளையத்தை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 2000-ல் ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியபோது, மாமா அட்லஸை விரித்து, காவலூரிலிருந்து நேர் வடக்கே பென்சிலால் கோடு இழுத்தார். இரண்டுமே 79 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி இருக்கின்றன. நடுவில் 20 டிகிரி அட்சம். "நம்ம தலைக்கு மேல போற நட்சத்திரம்தான் அதே நேரத்துக்கு அங்கயும் வடக்கு தெற்கா உச்சி வழியா போற கோட்டைத் தாண்டும் கண்ணு. ஆனா வானம் வேற" என்றார். அந்த அட்லஸ் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

எனக்கு வேலை சண்டிகரில். வண்டி ஐந்து வருடப் பழைய டீசல் கார். மகாளய அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. நிலவில்லாத இரவுகள், மழைக்காலம் ஓய்ந்த நேரம், பனி இன்னும் பாதையை அடைக்கவில்லை. இதைவிட நல்ல வாரம் அமையாது.

மணாலி வழி தூரம் குறைவு. ஆனால் அந்தப் பாதையில் முதல் இரவே உயரத்தில் தூங்க வேண்டும். மாமாவின் வயதை நினைத்து ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் போனோம். ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,700 மீட்டர், லே 3,500 மீட்டர் என்று படிப்படியாக ஏறும் வழி. லேயில் இரண்டு முழு நாள் எதுவும் செய்யாமல் இருந்தோம். கடைத்தெருவுக்கு மெதுவாக நடந்தோம், சூப் குடித்தோம், தூங்கினோம். ஊரில் டாக்டரைக் கேட்டு, அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் மாமா எடுத்துக்கொண்டார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரில் வீட்டில் 96 காட்டியது லேயில் 87 காட்டியது. தலைவலியோடு வாந்தியும் வந்தால் எந்த இடமாக இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். உயர நோய்க்குக் கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. இதில் கௌரவம் பார்க்கவே கூடாது.

அனுமதிச் சீட்டு பெரிய வேலை இல்லை. லே நிர்வாகத்தின் வலைத்தளத்தில் பெயர், அடையாள அட்டை, போகும் ஊர்களைப் பதிந்து, சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி, நான்கைந்து நகல் எடுத்துக்கொண்டேன். விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தால் மட்டும் ஆங்காங்கே சிக்னல் கிடைக்கும்.

லேயில் இன்னொன்றும் செய்தேன், அது உண்மையிலேயே உதவியது. பஞ்சர் கடைக்காரர் டயரை அழுத்திப் பார்த்து, அளவி வைத்துக் காட்டினார். சமவெளியில் 33 வைத்த காற்று 37-ஐத் தாண்டியிருந்தது. வெளியே காற்றழுத்தம் குறையக் குறைய உள்ளே இருக்கும் காற்று டயரைக் கூடுதலாக விறைக்க வைக்கும். விறைத்த டயர் கல்லில் எளிதாகக் கிழியும். 30-க்கு இறக்கிவிட்டு, ஸ்டெப்னியையும் பார்த்துக் கொடுத்தார்.

விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பத் திட்டம். மாமாவுக்கு இரவு சரியாகத் தூக்கம் இல்லை, நான் எழுப்பவில்லை. கிளம்பும்போது எட்டரை. அங்கேயே இரண்டரை மணி நேரம் போயிற்று.

காருவில் டேங்கை நிரப்பினேன். உப்ஷியில் மணாலி சாலை பிரிந்து போக, நாம் சிந்து நதியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே திரும்புகிறோம். அதன்பின் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஆறுதான் துணை. ஒரு வளைவில் பச்சை, அடுத்த வளைவில் சாம்பல். மலைகள் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக வெறுமையாக நிற்கின்றன. சாலை அகலம் குறைவுதான், ஆனால் நல்ல தார். எல்லைச் சாலைகள் அமைப்பின் மஞ்சள் பலகைகள் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே வருகின்றன. சூமதாங்கில் ஆற்றங்கரையிலேயே வெந்நீர் ஊற்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அங்கே ஒரு தாபாவில் சோறும் ராஜ்மாவும் சாப்பிட்டோம். மாஹே பாலத்தருகே சோதனைச் சாவடியில் ஒரு நகல் கொடுத்தோம். நியோமா தாண்டியதும் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே போய், மலைகள் தள்ளி நின்றுகொண்டன.

நியோமாவுக்கும் லோமாவுக்கும் நடுவில் எதிரே ராணுவ வண்டிகள் வரிசையாக வந்தன. வழிவிட இடது பக்கம் தார் விளிம்பை விட்டு இறங்கினேன். கடைசி லாரி போனபின் மேலே ஏற்றும்போது பட்டென்று ஒரு சத்தம். முன் இடது டயரின் பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். தரையில் படும் இடத்தில் ஓட்டை என்றால் என்னிடம் இருந்த பஞ்சர் கிட் போதும். பக்கச் சுவரில் ஒட்டு நிற்காது.

சண்டிகரில் இருபது நிமிடத்தில் நான் ஸ்டெப்னி மாற்றியிருக்கிறேன். அங்கே 4,200 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனில் 60 சதவீதம்தான் அங்கே போகும். படித்துத் தெரிந்ததுதான், ஆனால் முதல் நட்டைக் கழற்றும்போதுதான் அந்த எண்ணின் பொருள் புரிந்தது. ஸ்பானர் மேல் கால் வைத்து ஒரு மிதி மிதித்ததும் காதுக்குள் இதயம் அடித்தது. உட்கார்ந்துவிட்டேன். மாமா கீழே இறங்க முயன்றார், நான் விடவில்லை. அவர் கண்ணாடியை இறக்கி, வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார்: "ஒரு நட்டு, இருபது மூச்சு. அப்புறம் அடுத்தது. அவசரப்படாத." அப்படியே செய்தேன். ஐந்து நட்டு, நூறு மூச்சு. ஜாக்கி மண்ணில் புதைந்தது. தட்டையான கல் தேடிக்கொண்டுவந்து அடியில் வைத்தேன். அந்தக் கல்லைத் தூக்கி வந்ததற்கே ஐந்து நிமிடம் ஓய்வு தேவைப்பட்டது. பழைய சக்கரத்தை உருட்டி டிக்கியில் ஏற்ற முடியாமல் நின்றபோது ஒரு பிக்கப் வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் "ஜூலே" என்று லடாக்கியில் வணக்கம் சொன்னார், சக்கரத்தை ஒரே தூக்கில் உள்ளே போட்டார், நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு "ஜூலே" என்று போய்விட்டார். அவர் முகத்தைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

லோமாவில் சிந்துவைக் கடக்கும் பாலத்துச் சாவடியை அடைந்தபோது ஐந்தே கால். அங்கிருந்து ஹான்லே 50 கிலோமீட்டர். அருமையான நேர்சாலை, இருபுறமும் மஞ்சள் புல்வெளி. இது சாங்தாங் வனவிலங்குச் சரணாலயம். சாலையை ஒட்டிக் கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் முப்பதுக்கும் மேல் மேய்ந்தன. செம்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. வண்டியோடு போட்டியிட்டு ஓடிவந்து முன்னால் குறுக்கே பாயும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. நிறுத்தி, எல்லாம் கடந்து போகும்வரை காத்திருந்தோம். ஆறு பத்துக்குச் சூரியன் இறங்கியது. ரோங்கோ தாண்டும்போது இருட்டிவிட்டது.

எனக்குத் தெரியாத சாலை, களைத்த கை, குறுக்கே விலங்கு வரலாம் என்ற பயம். ஹை பீம் போட்டேன்.

ஊருக்குள் நுழையும் வளைவில் என் ஹெட்லைட் ஒரு வீட்டு முற்றத்தை அப்படியே கழுவிவிட்டுப் போனது. அந்த வெளிச்சத்தில் ஒரு கணம் எல்லாம் தெரிந்தது: ஐந்தாறு பேர் கம்பளி போர்த்தி நிற்கிறார்கள், நடுவில் பீரங்கி மாதிரி ஒரு தொலைநோக்கி, எல்லோரும் கையால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சிவப்பு டார்ச்சோடு ஒரு பெண் சாலைக்கு ஓடிவந்து, கையைக் கீழே கீழே என்று காட்டினார். அணைத்தேன். நாங்கள் தங்க வேண்டிய வீடே அதுதான்.

அவர் திட்டவில்லை. "ஆச்சே-லே, மன்னிச்சுக்கோங்க" என்று இந்தியும் லடாக்கியும் கலந்து சொன்னேன். ஆச்சே-லே என்றால் அக்கா. தோளைத் தட்டி, "இருபது நிமிஷம். கண்ணு திரும்ப வந்துடும்" என்றார். ஆனால் அந்த இருபது நிமிடம் என்னுடையது அல்ல. இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் காத்திருந்த ஆறு பேருடையது. அவர்களில் ஒருவர் இருபது நிமிடமாகத் திறந்து வைத்திருந்த கேமராப் படமும் வெளுத்துப்போயிற்று. அவர் மும்பையிலிருந்து வந்திருந்தார், மறுநாள் காலை கிளம்புகிறார். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

ஹான்லேயைச் சுற்றி 22 கிலோமீட்டர் ஆரத்தில், 1,073 சதுர கிலோமீட்டரை 2022-ல் இருள்வான் காப்பகமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்கள் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருக்கிறார்கள், வெளி விளக்குகளுக்கு மூடி மாட்டியிருக்கிறார்கள். 20-க்கும் மேற்பட்டவர்களுக்கு வான் இயற்பியல் நிறுவனம் பயிற்சி தந்து தொலைநோக்கியும் கொடுத்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் ஆச்சே-லே அவர்களில் ஒருவர். தன் வீட்டு விளக்கையே குறைத்துக்கொண்டு அவர்கள் காக்கும் இருட்டை வெளியூர்க்காரர் ஒரு வளைவில் கலைத்துவிடலாம்.

அன்று மாமா சீக்கிரம் படுத்துவிட்டார். ஆக்சிமீட்டரில் 82. லேசான தலைவலி மட்டும். விடியற்காலை நாலரைக்கு அவரே என்னை எழுப்பினார். வாளியில் தண்ணீர் உறைந்திருந்தது. கிழக்கே மலைக்கு மேல் கோபுரம் மாதிரி ஒரு வெளிர் ஒளி சாய்ந்து எழுந்து நின்றது. விடிகிறது என்று நினைத்தேன். "இல்ல கண்ணு, அது சூரியனைச் சுத்தியிருக்கிற தூசி. வெயில் பட்டுத் தெரியுது. நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. உயரமா உணர்ச்சியா என்று நான் கேட்கவில்லை.

பகலில் சரஸ்வதி மலைக்கு ஏறினோம். 4,500 மீட்டர் உச்சிக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலேயே போனேன். ஸ்டெப்னி இல்லாத வண்டி, அதனால் ஒவ்வொரு கல்லையும் பார்த்துத்தான். மலையடிவாரத்தில் மேஸ் என்னும் 21 மீட்டர் காமா கதிர் தொலைநோக்கி, 356 கண்ணாடிப் பலகைகளோடு பிரம்மாண்டமாக நிற்கிறது. 2024 அக்டோபரில் திறந்தார்கள். மேலே, மாமா அட்லஸில் கோடு இழுத்த அந்த 2 மீட்டர் தொலைநோக்கியின், சந்திரா தொலைநோக்கியின், குவிமாடம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயர்தான் அது. இரவில் இதை இயக்குபவர்கள் இங்கே இல்லை, பெங்களூருக்குப் பக்கத்து ஹொஸ்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். நம் ஓசூர் அல்ல, கோலார் சாலையில் இருக்கும் ஹொஸ்கோட்டை. மாமா அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறார். குவிமாடத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இரண்டாம் இரவு ஐந்தரைக்கே வண்டியை முற்றத்துக்குள் விட்டுப் போர்வை போட்டு மூடினேன். கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியும், அதையும் அணைத்து வைத்தேன். ஏழரைக்குப் பால்வீதி தென்மேற்கிலிருந்து தலைக்கு மேலாக வடகிழக்குவரை ஓடியது. ஆண்ட்ரோமீடா வெறுங்கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரிந்தது. மாமா வடக்கே பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி முஷ்டி மடக்கி அடுக்கினார். நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சம். காவலூரில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு: அங்கே ஒரு முஷ்டி, மேலே ஒரு விரல்.

இரண்டாவது முஷ்டியில் இருக்கும்போது தொலைவில் ரோங்கோ பக்கம் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஆச்சே-லே சிவப்பு டார்ச்சை எடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வளைவுக்கு நடந்தேன், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி. டார்ச்சைக் கீழே கீழே என்று அசைத்தேன். வண்டி வேகம் குறைந்தது, ஹை பீம் போயிற்று, பிறகு பார்க்கிங் விளக்கு மட்டும். டெல்லி வண்டி. ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும், கண் சிவந்திருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினேன்.

திரும்பி வந்தபோது மாமா கையை இறக்கியிருந்தார்.

"வந்துட்டியா? கணக்கு விட்டுப்போச்சு. மொதல்ல இருந்து போடலாம், நீயும் கையை நீட்டு."

நீட்டினேன். மூன்று முஷ்டி, மேலே ஒன்றரை விரல்.