மீன் தொட்டிக்குக் கண்ணாடி: பொடியானதும் ஒட்டியதும்

டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் புதுப்பித்தார்கள். வராந்தாவின் இழுகதவுக் கண்ணாடி இரண்டு சும்மா கிடைத்தன, 6 மி.மீ. தடிமன். ஏஞ்சல் மீனுக்கு 90 × 45 × 45 செ.மீ. தொட்டி செய்ய ரொம்ப நாளாக ஆசை. கண்ணாடிச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் சனிக்கிழமை கட்டரால் கோடு கிழித்து, ஓரத்தில் மெல்லத் தட்டினேன். படார்! மேசை நிறையக் கல்லுப்பு கொட்டினாற்போல் துண்டுகள். இன்றைக்கும் துடைப்பத்தில் ஒன்றிரண்டு வருகின்றன.

மிச்சமிருந்ததைக் கண்ணாடிக் கடைக்குத் தூக்கிப்போனேன். அங்கிருந்த பெரியவர் மூலையில் இருந்த முத்திரையைக் காட்டினார். "இது டஃபன்ட், தம்பி, சூளையில சூடாக்கி பலமாக்கின கண்ணாடி. வெட்டுறதும் ஓட்டை போடுறதும் சூளைக்குப் போறதுக்கு முன்னாலேயே முடிஞ்சிடணும். அப்புறம் தொட்டா பொடிதான்."

சரி, அளவு சொல்லியே டஃபன்ட் செய்து வாங்கினால் என்ன? சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் ஆயிற்றே, 6 மி.மீ. போதாதா? படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உடையாமல் தாங்குவதில்தான் அந்தப் பலம். வளைவதில் இரண்டும் ஒன்றே. தண்ணீர் தள்ளி நடுவில் வயிறு வைத்தால் இழுபடுவது சிலிக்கான் ஒட்டு. தவிர, சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் விரிசல் விட்டு ஒழுகும், வாளி எடுத்து வர நேரம் இருக்கும். டஃபன்ட் போனால் மொத்தமாகப் போகும்.

எனக்குப் பிடித்த கணக்கு இது: விளிம்பு வரை நிரப்பினால் முன் கண்ணாடிமேல் விழும் விசை சுமார் 91 கிலோ எடைக்குச் சமம். தொட்டியின் அகலம், அதாவது முன்னிருந்து பின் வரை, 45 செ.மீ. ஆனாலும் நாலு மீட்டர் ஆனாலும் அதே விசைதான். உயரமும் நீளமும் மட்டுமே கணக்கு. அதனால் உயரத்துக்குப் பயந்து 10 மி.மீ. சாதாரண ஃப்ளோட் கண்ணாடியே வாங்கினேன். காலித் தொட்டியே 40 கிலோ. மச்சான் வந்து ஒரு கை பிடித்தான்.

இரும்புச்சத்து குறைந்த 'லோ அயர்ன்' கண்ணாடியை முன்பக்கம் மட்டும் போட்டேன். சாதாரணக் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தால் தெரியும் பச்சை இதில் மிகக் குறைவு. விலை கூடுதல்தான். பாசி பிடித்தால் எல்லாம் பச்சைதானே என்றான் மச்சான்.

காடி வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் போதும். குளியலறைக்கென்று பூஞ்சைக் கொல்லி சேர்த்து விற்பது மீனுக்கு ஆகாது.

பத்து நாள் காயவிட்டு நிரப்பி, சுற்றிலும் செய்தித்தாள் விரித்தேன். மறுநாள் காலை வலது மூலை ஈரம். பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால் உள்பக்க ஒட்டு முழுவதையும் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி இழுத்தேன். திரும்பக் காயவிட்டு, திரும்ப நிரப்பி, இன்றோடு ஐந்து நாள். தாள் காய்ந்தே இருக்கிறது. மீன் இன்னும் கடையில்தான்.