இன்சுலின் போட்ட பிறகு அந்த ஊசி எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் இப்போது சீனி வருத்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறார்கள், சரி, போட்ட ஊசியை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். "குப்பையோட போட்டுக் கொளுத்துறதுதான் தம்பி, வேறென்ன?" என்றார் எங்கள் மாமி.

ஆஸ்பத்திரிக்குள் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. இலங்கையின் நிற ஒழுங்கில் தொற்றுள்ள கழிவுக்கு மஞ்சள், குத்துகிற வெட்டுகிற சாமான்களுக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி, முக்கால்வாசி நிரம்பியதும் மூடிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மருத்துவக் கழிவில் ஏறக்குறைய 85 சதவீதம் வெறும் சாதாரணக் குப்பைதான், மிச்சம் 15தான் ஆபத்தானது, ஆனால் இரண்டையும் ஒரே பையில் கலந்துவிட்டால் நூறுமே ஆபத்தாகிவிடும். இத்தனை நிறத்தில் வாளி வைப்பது அதற்காகத்தான்.

வீட்டில் வாளியும் இல்லை, நிறமும் இல்லை. கோடிப்புறத்தில் வாழைச் சருகோடு சேர்த்துக் கொளுத்துகிற நெருப்பு ஊசியின் உருக்கை ஒன்றும் செய்யாது, அது உருக 1400 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். நெருப்பு அணைந்த பிறகு ஒருநாள் கிளறிப் பாருங்கள்: இன்சுலின் பேனாவில் பூட்டுகிற ஊசியின் பிளாஸ்ரிக் அடி உருகிக் கறுத்த பொட்டாக ஒட்டிக் கிடக்கும், 4 மில்லிமீற்றர் ஊசி அதில் நிமிர்ந்தபடியே நிற்கும். அந்தச் சாம்பலைத்தான் அள்ளி முருங்கைக்குப் போடுகிறோம், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் அது. கொளுத்தாமல் அப்படியே பையில் கட்டிக் கொடுத்தால் இன்னும் மோசம், குப்பை அள்ள வருகிறவரின் கையில் குத்தும். தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஈரலைத் தாக்குகிற ஹெப்பரைற்றிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு, ஹெப்பரைற்றிஸ் சி 1.8, எச்.ஐ.வி 0.3. பேசப்படுவது கடைசிதான், பயப்பட வேண்டியது முதலாவது.

சேலைன் குழாயையும் சிலர் கொளுத்துகிறார்கள். அது பெரும்பாலும் பி.வி.சி என்ற பிளாஸ்ரிக், அதிலுள்ள குளோரின் இப்படி மந்தமாக எரிகையில் டயொக்சின் என்ற கொடிய நச்சை உண்டாக்கும். அதனால்தான் முறையான எரியூட்டியில் வெப்பம் 850 பாகைக்குக் கீழே இறங்கவே கூடாது என்கிறார்கள்.

இப்போது புதிதாக நானோ. சீனி வருத்தப் புண்ணுக்கு வெள்ளித் துணுக்குச் சேர்த்த கட்டுத்துணி வருகிறது. நூறு நானோமீற்றருக்குள் அடங்கும் துணுக்கு, தலைமயிரின் தடிப்போ ஏறக்குறைய எண்பதாயிரம் நானோமீற்றர். அதிலிருந்து வெள்ளி அயன்கள், அதாவது மின்னேற்றமுள்ள வெள்ளி அணுக்கள், கசிந்து பற்றீரியாவைக் கொல்லும், நல்ல மருந்து, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் புண் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள நகரங்களில் வெள்ளியில் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து சல்பைட்டாகிச் சேற்றோடு தங்கிவிடும். எங்களுக்கோ மலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள், அடியில் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த ஊர் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டு வைப்பதில் பிழையில்லை.

நானோவை விடுங்கள், ஊசிக்கு இன்றைக்கே வழி உண்டு. உடுப்புத் தோய்க்கிற திரவம் வருகிற தடித்த போத்தல், திருகு மூடியோடு. போட்ட கையோடு ஊசியை அதற்குள் போடுங்கள், விரலில் குத்துகிற லான்செற்றும் அதற்குள்தான். முக்கால்வாசி வந்ததும் மூடி, ரேப் சுற்றி, வெளியே 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். கிளினிக் நாளில் கொண்டுபோய் வாங்குவீர்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஊசி விற்ற மருந்துக்கடையில் கேளுங்கள். பெட்டி பெட்டியாக விற்கத் தெரிந்தவர்கள் ஒரு போத்தலைத் திருப்பி வாங்க என்ன கஷ்டம்?