பித்தளையா செம்பா: தராசும் தண்ணீரும் வைத்து அடர்த்தி பார்ப்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கும்போது விளக்கைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல கனம்" என்று விலை பேசுவது வழக்கம். பெரிய விளக்கு கனக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியது, ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை. நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி, பள்ளிக்கூடக் கணக்குதான். நிறையில் அநேகமாக யாரும் தவறுவதில்லை. கோட்டை விடுவதெல்லாம் கன அளவில்.

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பொருளைப் போட்டு, மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது இதற்கு உதவாது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சட்டியில் மட்டம் 1 மில்லிமீட்டர் ஏறினாலே கிட்டத்தட்ட 18 மில்லி. 412 கிராம் கைவிளக்கு ஒன்று செம்பாக இருந்தால் அதன் கன அளவு 46 மில்லி. பித்தளையாக இருந்தால் சுமார் 49. அந்த மூன்று மில்லி கண்ணுக்கே தெரியாது.

நூலில் கட்டித் தொங்கவிடுவதுதான் சரியான வழி. முதலில் விளக்கை எண்ணெய்ப் பிசுக்கு, களிம்பு போகப் புளி போட்டுத் தேய்த்து, காயவைத்து எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, டேர் பட்டனை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் கட்டிய விளக்கைக் கையால் பிடிக்காமல் ஒரு கம்பியிலிருந்து தொங்கவிட்டு முழுக்க மூழ்கச் செய்யுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம், விலகிய தண்ணீரின் எடை. அதை 0.996ஆல் வகுத்தால் கன அளவு. 30 டிகிரி வெயிலில் தண்ணீரின் அடர்த்தி அவ்வளவுதான். தராசு 48.6 காட்டினால் கன அளவு 48.8, அடர்த்தி 412 ÷ 48.8 = 8.44. பித்தளை.

கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலும் விடை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாறாது. காற்றுக் குமிழிதான் எதிரி. திரி போடும் குழிவிலும் கைப்பிடி மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு மில்லி குமிழி 8.44ஐ 8.27 ஆக்கிவிடும். கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, விளக்கை உள்ளே சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் வெளியேறிவிடும்.

விடை குறைவாக வந்தால் குமிழி, அடி தட்டல், உள்ளே பொள்ளல் இந்த மூன்றில் ஒன்று. கூடுதலாக வந்தால் பொருள் முழுக்க மூழ்கவில்லை. குத்துவிளக்கைத் திருகிக் கழற்றித் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். அடித்தட்டில் எதையாவது அடைத்திருந்தால் கணக்கே செல்லாது. இரும்புக் கம்பி செருகியிருக்கிறதா என்று முன்பே காந்தம் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு 400 கிராம் பொருளுக்குப் போதும். 100 கிராம் கிண்ணிக்குப் போதாது: தண்ணீரில் பித்தளை 12 காட்டும், செம்பு 11 காட்டும். ஓர் எண் தடுமாறினால் உலோகமே மாறிவிடும். சின்னச் சாமானுக்கு 0.01 கிராம் தராசு வேண்டும்.

ஒப்பிட எண்கள்: அலுமினியம் 2.7, இரும்பு 7.87, எவர்சில்வர் சுமார் 7.9, பித்தளை 8.4 முதல் 8.7, வெண்கலம் 8.6 முதல் 8.9, செம்பு 8.96, வெள்ளி 10.49, ஈயம் 11.34. பித்தளையும் வெண்கலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். அந்தச் சண்டையை இந்த முறை தீர்க்காது. ஜெர்மன் சில்வரை வெள்ளி என்று விற்றால் உடனே மாட்டிக்கொள்ளும், அது 8.7 பக்கம்தான். செம்பு கலந்த 80 சதவீத வெள்ளிகூட 10.1க்குக் குறையாது.

மரத்துக்கும் இதே தராசு போதும். மிதக்கும் தேக்குத் துண்டை மெல்லிய ஊசியால் மட்டத்துக்குக் கீழே அழுத்திப் பிடித்தால், காட்டும் எண்ணே விலகிய தண்ணீரின் எடை. மரம் தண்ணீர் குடிக்கும் என்பதால் முன்கூட்டியே மெழுகு தேய்க்க வேண்டும். காய்ந்த தேக்கு பெரும்பாலும் 0.6 முதல் 0.7க்குள் வரும். பர்மாத் தேக்கும் நம் ஊர்த் தேக்கும் அந்த எல்லைக்குள்ளேயே கலந்து கிடப்பதால், கதவு விற்பவர் "கனத்தைப் பாருங்க, பர்மாவேதான்" என்றால் அதற்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.