வரம்புக்குள் இருந்த கீறல்

தொங்குபாலத்தின் முதன்மை வடத்துக்கான கம்பிக்கட்டு ஒன்றை உருளைகளின் மேல் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஓர் உருளையின் ரப்பர் உறை தேய்ந்து, வெளித்தெரிந்த இரும்பு துத்தநாகப் பூச்சைச் சுரண்டுவதை முதலில் கண்டவர் மேஸ்திரிதான். உறையை மாற்றியாயிற்று, கீறல் விழுந்த கம்பிகளை என்ன செய்வது என்ற முடிவு என்னிடம் வந்தது. கீறலின் ஆழமும் நீளமும் அனுமதித்த வரம்புக்குள் இருந்ததால், துத்தநாகச் செறிவுள்ள பெயிண்ட் பூசித் தொடரலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

"பெயிண்டே போதும் என்றால், ஆலையில் எதற்கு சார் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார்.

சிறு கீறலைச் சுற்றியுள்ள துத்தநாகம் தான் அரிபட்டு எஃகைக் காக்கும் என்றேன். அது உண்மை, ஆனால் அவர் கேட்டது அரிப்பை மட்டும் அன்று. ஆலைப் பூச்சு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம், தடிமனில் 40 மைக்ரானுக்குச் சற்று மேல். அதன் அடியில் துத்தநாகமும் இரும்பும் கலந்த உலோகப் படலம் எஃகோடு ஒட்டியிருக்கிறது. பெயிண்டிலோ துத்தநாகத் தூளைப் பிசின்தான் பிடித்துவைத்திருக்கிறது. கீறல் விழுந்த பகுதி, கோபுர உச்சியில் வடம் வளைந்து அமரும் சேடிலின் வாயருகே போய் அமர்ந்தது. வண்டிகளின் பாரத்தாலும் வெப்பமாற்றத்தாலும் கம்பிகள் நுண்ணளவில் நகர்ந்து ஒன்றோடொன்று உரசும் இடம் அது. நாள்பட்ட உரசலில் அங்கே களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப ஏறியிறங்கும் விசையால் உலோகத்தில் வரும் விரிசல், தொடங்கலாம், திறந்து பார்ப்பதும் எளிதன்று.

கம்பிக்கட்டைத் திரும்ப இழுத்திருந்தால் அதே உருளைகளின் மேல் இன்னொருமுறை உரசியிருக்கும் என்பது என் வலுவான வாதம். நியூயார்க்கில் 1883இல் திறந்த புரூக்ளின் பாலத்துக்குத் துத்தநாகம் பூசிய கம்பியைப் பயன்படுத்தினார்கள். அங்கேயே 1903இல் திறந்த வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் முதன்மை வடங்களுக்குப் பூசவில்லை. இரண்டும் இன்றும் நிற்கின்றன என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. இரண்டாவதன் வடங்களைப் பிற்காலத்தில் பெருஞ்செலவில் சீரமைக்க நேர்ந்ததை மட்டும் அந்த ஆறுதலில் நான் சேர்ப்பதில்லை.

அதே கீறல் மறுபடி வந்தால் அதே கையொப்பத்தைத்தான் இடுவேன் என்று நினைக்கிறேன். ஆனால் காலையில் ஒருமுறை பார்த்துவந்த உருளை உறைகளை, இப்போது ஒவ்வொரு கம்பிக்கட்டையும் இழுப்பதற்கு முன்பு பார்க்கச் சொல்கிறேன். அன்றைய முடிவு சரியென்றால் இந்த மாற்றம் எதற்கு என்று மேஸ்திரி இன்னும் கேட்கவில்லை.