ரங்கூன் போனவரைக் கிராஞ்சியில் தேடிய கதை

சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில் உள்ள கிராஞ்சி ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது காலை எட்டரை மணி இருக்கும். போர் நினைவிடம் அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. என் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் ஒரு படை எண், ஒரு பெயர், ஒரு தூண் எண் ஆகிய மூன்றையும் எழுதி வைத்திருந்தேன். அந்த மூன்றையும் ஒரே சீட்டில் எழுதுவதற்கு எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

என் தந்தையின் தாயை வடாற்காட்டு வழக்கப்படி ஆயா என்றே அழைப்போம். ஆயா கைக்குழந்தையாக இருந்தபோது பட்டாளத்துக்குப் போன அவருடைய அப்பா திரும்பி வரவில்லை. "ரங்கூனுக்குப் போனார்" என்பதைத் தவிர வீட்டில் வேறு செய்தி கிடையாது. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிய செய்தியும் அல்ல. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, அவ்வூரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் சென்றதாகவும் அவர்களில் 14 பேர் உயிர் நீத்ததாகவும் சொல்கிறது. எண்ணிக்கை சொல்லும் அந்தக் கல் ஒருவருடைய பெயரையும் சொல்வதில்லை. சிறுவயதில் அதன் கீழே எத்தனையோ முறை பேருந்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். அப்போது இது எனக்கு உறைத்ததில்லை.

தேடலின் தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு, பெயரை நம்பியது. நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி என்ற ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால் விளங்கும். போதாக்குறைக்கு, வீட்டில் அழைத்த பெயர் ஒன்றாகவும் பட்டாளத்தில் கொடுத்த பெயர் வேறாகவும் இருப்பது அக்காலத்தில் சாதாரணம். ஆவணம் கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், படை எண் இல்லாமல் எதையும் தேட இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்று கோபமாக வந்தது. இன்று யோசித்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

எண் எங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது. ஆயாவின் டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்த மூன்று பதக்கங்கள் கிடந்தன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு வழங்கிய போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிப்பதில்லை. ஆனால் இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் பித்தளைப் பாத்திரங்களோடு புளி போட்டுத் துலக்கியதில் நட்சத்திர வடிவப் பதக்கங்களின் பின்புறம் மழுங்கிப் போயிருந்தது. வட்டப் பதக்கத்தின் விளிம்பில் மட்டும், பூதக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், எண்ணும் 'சாப்பர்' என்பதன் சுருக்கமும் படிக்கக் கிடைத்தன. அதன்படி அவர் 1780இல் சென்னைக் கோட்டையில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்களுடைய வேலை.

ரங்கூன் கதையை உடைத்ததும் அதே பதக்கங்கள்தான். நட்சத்திரங்களில் ஒன்றின் மேல் 'பசிபிக் நட்சத்திரம்' என்று ஆங்கிலத்தில் வார்த்திருந்தது. பர்மாவில் போரிட்டவருக்குக் கிடைப்பது பர்மா நட்சத்திரம். இரண்டுக்கும் ஒருவர் தகுதி பெற்றிருந்தால், முதலில் தகுதி பெற்றதைக் கொடுத்து, மற்றதற்கு ரிப்பனில் ஒரு பட்டையைச் சேர்ப்பார்கள். எங்களிடம் இருந்த ரிப்பனில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே அவர் போரிட்ட இடம் பர்மா அல்ல, பெரும்பாலும் மலாயா. கடல் தாண்டிய கிழக்கு முழுவதையும் ரங்கூன் என்றே சொல்லிவிடும் வழக்கம் எங்கள் ஊரில் இருந்திருக்கிறது.

எண் கிடைத்த பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயரின் எழுத்துக்கூட்டல் நான் ஊகித்த எதனோடும் பொருந்தவில்லை. தந்தை பெயரும் மனைவி பெயரும் 'வட ஆற்காடு' என்ற மாவட்டமும் அச்சுப் பிசகாமல் பொருந்தின. இறந்த நாள் 1942 பிப்ரவரி 15. பெயர் பொறித்த இடம் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச் சின்னம்.

கிராஞ்சி ஒரு சிறு மேடு. புல் சரிவில் 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகள் வரிசை பிசகாமல் ஏறிச் செல்ல, உச்சியில் விமானத்தின் இறக்கை போல விரிந்த கூரையும் நடுவில் வால்பகுதி போன்ற உயர்ந்த கோபுரமும் நிற்கின்றன. கூரையைத் தாங்கும் பெருஞ்சுவர்கள் பன்னிரண்டில், உடல் கிடைக்காத 24,000க்கும் அதிகமானோரின் பெயர்களைப் படைப்பிரிவு வாரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 இந்திய வீரர்களுக்குப் பின்புறத்தில் தனிச் சின்னம் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தத் தீயும் கிடைக்கவில்லை. உடன் இறந்தோருக்குக் கிடைத்த வழக்கமான சடங்குகளைப் போரின் விதி இவர்களுக்கு மறுத்துவிட்டது என்ற பொருளில் அங்கே ஒரு வாசகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் எழுதிய வாசகம் எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சைப் போல இருந்ததில் சற்றுத் திகைத்தேன்.

சுவரில் பெயரைக் கண்டுபிடித்தேன். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தது, தொட முடியவில்லை. வரிசையில் மேலும் கீழும் நம் ஊர்ப் பெயர்களே தொடர்ந்தன. எல்லாம் ஆங்கில எழுத்தில்.

எனக்கு உறுத்தியது அந்தத் தேதிதான். சிங்கப்பூர் சரணடைந்த அதே நாள். அன்று அவர் இறந்தாரா, அன்றோடு அவரைப் பற்றிய செய்தி அறுந்துபோனதா? சரணடைந்த இந்திய வீரர்கள் சுமார் 40,000 பேரை பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூ கினி வரை கொத்தடிமை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர் அந்தத் திடல் வரை வந்திருக்கவும் கூடும். இதை ஆயாவிடம் சொல்லவில்லை.

பிற்பகலில், சரணாகதிப் பத்திரம் கையெழுத்தான பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். அங்கிருந்த பணியாளர் ஒருவர், சிங்கப்பூர் விழுந்த நாள் சீனப் புத்தாண்டின் முதல் நாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அமாவாசையை ஒட்டித்தானே அவர்களுடைய ஆண்டு பிறக்கும்? அறைக்குத் திரும்பியதும் பழைய பஞ்சாங்கக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 1942 பிப்ரவரி 15, மாசி மாத அமாவாசை.

இறந்த நாள் தெரியாததால், எண்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அவருக்குப் புரட்டாசி மகாளய அமாவாசையன்று இலை போடுகிறார்கள். அன்றிரவு தொலைபேசியில், அந்தத் திடலைப் பற்றிய சந்தேகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆயாவிடம் சொன்னேன். பதக்கம், தூண், கூரை எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

"அமாவாசைதானா? மாசத்துலதான் தப்புப் பண்ணிட்டோம்," என்றார்.

அடுத்த மாசி எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைக்கும்படி அம்மாவைக் கூப்பிட்டார்.